மைன்ஸ், வோர்ம்ஸ், ஷ்பையர்: ஒரே நாள் இருந்தால் எந்தப் பேராலய நகருக்குப் போவது?

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வேலை நிமித்தமாகவோ உறவினர் வீட்டுக்கோ வந்து ஒரு வாரம் தங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கொலோன் பேராலயத்தைப் பார்த்தாயிற்று, அல்லது அங்குள்ள கூட்டத்தை எண்ணித் தவிர்த்தாயிற்று. இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது. ரைன் ஆற்றின் இடது கரையில் வரிசையாக இருக்கும் மைன்ஸ், வோர்ம்ஸ், ஷ்பையர் ஆகிய மூன்று பழைய நகரங்களில் எதற்குப் போவது? படங்களை வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்றிலும் ரோமனெஸ்க் எனப்படும், தடித்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட இடைக்காலப் பாணியில் எழுந்த, பல கோபுரங்களைக் கொண்ட ஒரு பெரிய பேராலயம் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் ‘பேரரசர் பேராலயங்கள்’ என்றே ஜெர்மானியர்கள் அழைக்கிறார்கள்.

வரலாற்றிலும் இவை பங்காளிகள்தாம். சாலியர் வம்சத்தின் முதல் மன்னரான இரண்டாம் கொன்ராடின் குடும்பம் வோர்ம்ஸைச் சேர்ந்தது. அவருக்கு 1024இல் முடிசூட்டியது மைன்ஸ் பேராயர். அவர் 1030 வாக்கில் தமக்கும் தம் வாரிசுகளுக்கும் கல்லறையாகப் பேராலயம் எழுப்பத் தொடங்கிய இடம் ஷ்பையர். யூத வரலாற்றிலும் மூன்றும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. எபிரேயப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஷூம்’ நகரங்கள் என்று வழங்கப்படும் இவற்றின் யூத நினைவிடங்கள் 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் தேர்வு குழப்புகிறது. நேரில் போய் நின்றால் மூன்றும் மூன்று விதம்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல் பேராலயம்தான்: எந்த முன்னறிவும் இல்லாதவர் உள்ளே நுழைந்தாலும் கட்டடம் அவரைத் தடுத்து நிறுத்துமா? இரண்டாவது, அந்த ஊரில் நடந்த பெரிய நிகழ்ச்சிகளுக்கு இன்று கண்ணால் காணக்கூடிய தடயம் இருக்கிறதா, அல்லது வெற்றிடத்தில் நின்று கற்பனை செய்துகொள்ள வேண்டுமா? 1689இல் பதினான்காம் லூயியின் படைகள் ஷ்பையரையும் வோர்ம்ஸையும் எரித்தன. 1945இல் குண்டுவீச்சு மைன்ஸையும் வோர்ம்ஸையும் சிதைத்தது. ஆகவே இந்தக் கேள்வி மிக முக்கியமானது. மூன்றாவது, பேராலயத்தைப் பார்த்து முடித்த பிறகு மீதி நாளுக்கு ஊரில் என்ன இருக்கிறது? நான்காவது, ரயில் நேரம், நடை, கட்டணம், மூடியிருக்கும் நாட்கள் முதலிய, புறப்படும்போது கணக்கில் வராத செலவுகள்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. யாருடன் போகிறீர்கள்? முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் போவதும் பத்து வயதுப் பையனுடன் போவதும் ஒன்றல்ல.

## ஷ்பையர்: கட்டடமே பேசும் ஊர்

ஷ்பையர் பேராலயத்தின் நீளம் 134 மீட்டர். நடுக்கூடத்தின் உயரம் ஏறத்தாழ 33 மீட்டர். 1061இல் இது அர்ப்பணிக்கப்பட்டபோது நடுக்கூடத்துக்கு மரத்தாலான தட்டைக் கூரைதான் இருந்தது. கொன்ராடின் பேரனான நான்காம் ஹைன்ரிஷ் 1080களில் பாதிக் கட்டடத்தை இடித்து, அவ்வளவு உயரத்தில் கல்லாலேயே வளைவுக் கூரை அமைக்கச் செய்தார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான காரியம். ஆனால் நான் யாரை அழைத்துப் போனாலும் முதலில் காட்டுவது மேலே இருக்கும் கூடத்தை அல்ல. கீழே இருக்கும் நிலவறையை. 1041இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தக் கூடத்தில், குட்டையான பருத்த தூண்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறி மாறி அடுக்கிய மணற்கல் வளைவுகளைத் தாங்கி நிற்கின்றன. ஐரோப்பாவில் உள்ள ரோமனெஸ்க் தூண் நிலவறைகளில் இதுவே மிகப் பெரியது. சிற்ப வேலை ஏறக்குறைய இல்லை. நம் கோயில்களின் தூண் மண்டபங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் அது வெறுமையாகத் தோன்றும். ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் அந்த வெறுமைதான் அதன் அழகு என்பது புரியும்.

நிலவறையை ஒட்டிய அறையில் எட்டுப் பேரரசர்களும் மன்னர்களும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஹாப்ஸ்பர்க் ருடால்ஃபின் கல்லறைப் பலகையை அவசியம் நின்று பார்க்க வேண்டும். சிற்பி மன்னரின் முகச் சுருக்கங்களை எண்ணிச் செதுக்கினார் என்றும், வயதால் புதிய சுருக்கம் ஒன்று விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதை நேரில் பார்க்க ஓடிப்போய்த் திரும்பிவந்து கல்லைத் திருத்தினார் என்றும் ஒரு பழைய செய்யுள் நாளாகமம் சொல்கிறது. கதை உண்மையோ இல்லையோ, நெற்றியில் வரிகள் இருக்கின்றன.

நான்காம் ஹைன்ரிஷின் கதையும் இங்குதான் முடிகிறது. 1077இல் கனோசா கோட்டை வாசலில் திருத்தந்தையிடம் மன்னிப்புக் கேட்டு நின்ற அதே மன்னர், 1106இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவராகவே இறந்தார். விலக்கப்பட்டவரைப் பேராலயத்துக்குள் புதைக்க முடியாது. ஆகவே அவர் பெரிதாக்கிக் கட்டிய ஆலயத்தின் பக்கவாட்டில், அப்போது அர்ப்பணிக்கப்படாமலிருந்த அஃப்ரா சிற்றாலயத்தில், அவர் உடல் 1111 வரை ஐந்தாண்டுகள் காத்திருந்தது. அந்தச் சிற்றாலயம் இன்றும் வடபுறத்தில் இருக்கிறது.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று: நீங்கள் பார்ப்பது முழுக்க 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம் அன்று. 1689இல் நடுக்கூடத்தின் மேற்குப் பாதி அழிந்தது. அது 1770களில் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. ஊரைப் பார்த்து நிற்கும் மேற்கு முகப்பு 1850களில் கட்டியது. மீள்கட்டுமானம் பழைய பகுதியோடு ஒட்டிப்போவதால், சொன்னால் ஒழியப் பலருக்குத் தெரிவதில்லை.

ஊரும் நடப்பதற்கு இனியது. இரண்டாம் உலகப் போரில் ஷ்பையர் பெரும்பாலும் தப்பியது. பேராலயத்திலிருந்து 55 மீட்டர் உயரமுள்ள பழைய நகர வாயிலான ‘ஆல்ட்பர்ட்டல்’ வரை நேராகச் செல்லும் அகலமான தெருவில், 18ஆம் நூற்றாண்டு வீடுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். முகப்புக்கு முன்னால் ஒரு பிரம்மாண்டக் கல் கிண்ணம் இருக்கிறது. புதிய ஆயர் பதவியேற்கும்போது அதில் 1,500 லிட்டருக்கு மேல் வைன் ஊற்றி ஊராருக்குக் கொடுப்பது வழக்கம். தெருவிலிருந்து சற்றே விலகினால், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘மிக்வே’ எனப்படும் யூதச் சடங்கு நீராடல் குளம், சுமார் 10 மீட்டர் ஆழத்தில் படிகளோடு அப்படியே இருக்கிறது. 1529இல் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் ஆதரவாளர்களான இளவரசர்களும் நகரங்களும் இங்கு நடந்த பேரவையில் எழுப்பிய எதிர்ப்பிலிருந்துதான் ‘புராட்டஸ்டண்ட்’ என்ற சொல்லே வந்தது.

வெளியே தெரியாத செலவு முதலில் நேரம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மான்ஹைம் வழியாக மாறிப் போக ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இறங்கிய பிறகும் பேராலயத்துக்கு 20 நிமிட நடை இருக்கிறது. ஆலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் நிலவறைக்கும் கோபுரத்துக்கும் சீட்டு வாங்க வேண்டும். கோபுரத்தில் 304 படிகள். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பேராலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில், தூண்கள் மீது ஏற்றிவைத்த போயிங் 747 விமானமும், சோவியத் விண்வெளி ஓடமான புரானும் இருக்கின்றன. அதைப் பையன் பார்த்துவிட்டால் அன்றைய நாளும், பேராலயத்துக்கென எடுத்துவைத்த பணமும் அங்கேயே கரைந்துவிடும்.

## வோர்ம்ஸ்: படித்துவிட்டுப் போக வேண்டிய ஊர்

ஒரு நேர்மையான முரண்: வோர்ம்ஸ் இன்று ஆயர் இருக்கை அன்று. நெப்போலியன் காலத்தில் அதன் மறைமாவட்டம் கலைக்கப்பட்டது. பேராலயம் இப்போது மைன்ஸ் மறைமாவட்டத்தின் ஒரு பங்கு ஆலயம். ஆனாலும் ஊரில் யாரும் அதைப் பேராலயம் என்றல்லாமல் வேறு பெயரால் அழைப்பதில்லை.

இன்றுள்ள கட்டடம் பெரும்பாலும் 1130 முதல் 1181 வரை எழுந்தது. மூன்றில் இதுவே சிறியது. இரு முனைகளிலும் பலிபீடக் கூடமும் நான்கு மூலைகளில் உருண்டைக் கோபுரங்களும் கொண்டு, ஒரு பிடிக்குள் அடங்கும் செம்மணற்கல் கோட்டைபோல் இருக்கிறது. உள்ளே இருட்டு அதிகம். அந்த இருட்டுக்கு நடுவே பால்தசார் நாய்மன் வடிவமைத்த 18ஆம் நூற்றாண்டுப் பொன்னிறப் பலிபீடம் சற்றும் பொருந்தாமல் மின்னுகிறது. எனக்கு அந்தப் பொருத்தமின்மை பிடிக்கும். என்னோடு வந்தவர்களில் பாதிப்பேருக்குப் பிடித்ததில்லை.

நடந்த நிகழ்ச்சிகளை எண்ணினால் வோர்ம்ஸுக்கு ஈடில்லை. 1076இல் நான்காம் ஹைன்ரிஷ் திருத்தந்தை ஏழாம் கிரகோரியைப் பதவியிலிருந்து விலக்குவதாக ஆயர்களைக் கூட்டி அறிவித்தது இங்கே. ஆயர்களை நியமிப்பது மன்னரா திருச்சபையா என்ற அந்தச் சண்டை 1122இல் உடன்படிக்கையாக முடிந்ததும் இங்கே. 1521 ஏப்ரலில் 21 வயதுப் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் முன்னால், தம் நூல்களை மறுதலிக்க முடியாது என்று மார்ட்டின் லூதர் சொன்னதும் இங்கே. இடைக்கால ஜெர்மன் காவியமான நிபெலுங்கனில் கிரீம்ஹில்ட், புரூன்ஹில்ட் என்ற இரண்டு அரசிகள் பேராலயத்துக்குள் யார் முதலில் நுழைவது என்று வாசலில் நின்று சண்டையிடுகிறார்கள். ஒரு குலமே அழிய வித்தான அந்தச் சண்டையின் களமாகக் காட்டுவது இந்த ஆலயத்தின் வடவாசலை.

ஆனால் கண்ணுக்கு என்ன கிடைக்கும்? லூதர் நின்ற ஆயர் மாளிகை இல்லை. அது இருந்த இடம் இப்போது ஒரு பூங்கா. தரையில் ஒரு ஜோடி வெண்கலக் காலணிகளைப் பதித்திருக்கிறார்கள், அதில் நீங்களும் காலை நுழைத்து நிற்கலாம். சற்றுத் தள்ளி 1868இல் நிறுவிய பெரிய லூதர் நினைவுச் சின்னம் இருக்கிறது. லூதரன் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு, அதுவும் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் மரபில் வந்தவர்களுக்கு, அந்தக் காலணிகளே போதுமானவை. மற்றவர்களுக்குக் கதை தெரியாவிட்டால் அது வெறும் பூங்காதான். பழைய தெருக்கள் என்று சொல்லிக்கொள்ளவும் அதிகம் இல்லை.

வோர்ம்ஸில் ஓர் இடம் மட்டும் எந்த விளக்கமும் இல்லாமல் நிற்கும். ‘புனித மணல்’ எனப்படும் யூத இடுகாடு, ஐரோப்பாவில் இருந்த இடத்திலேயே எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழமையானது. மூத்த கல்லறைக்கல் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சீர்செய்து அடுக்கிய இடம் அன்று. புல்மேட்டில் ஏறத்தாழ 2,500 கற்கள் அவை சாய்ந்த வாக்கிலேயே நிற்கின்றன; மரங்களுக்கு மேலே பேராலயக் கோபுரங்கள் தெரிகின்றன. உள்ளே நுழைந்த சற்றைக்கெல்லாம், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு கற்கள் மீது கூழாங்கற்களும் மடித்த சிறு காகிதங்களும் குவிந்திருப்பதைக் காணலாம். ஒன்று ரபி மேயரின் கல். ஷ்பையரில் நெற்றிச் சுருக்கங்களோடு படுத்திருக்கிறாரே, அதே மன்னர் ருடால்ஃப் 1286இல் சிறையிலடைத்த அறிஞர் இவர். தம்மை மீட்கப் பெருந்தொகை கொடுத்தால் அதுவே வழக்கமாகிவிடும் என்று மறுத்து, 1293இல் சிறையிலேயே இறந்தார் என்பது மரபு. அதன் பிறகும் உடலைத் தரவில்லை. 14 ஆண்டுகள் கழித்து அலெக்சாண்டர் என்ற வணிகர் பணம் கட்டி உடலை மீட்டுவந்து புதைத்தார். தாம் இறந்தால் அவர் பக்கத்தில் இடம் வேண்டும் என்பதே அவர் கேட்ட கைம்மாறு. இரண்டாவது கல் அவருடையது.

இங்கேதான் மறைமுகச் செலவும் இருக்கிறது. சனிக்கிழமையிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் இடுகாடு மூடியிருக்கும். வாரயிறுதிதானே வசதி என்று ஒரு சனிக்கிழமை இரண்டு விருந்தினரைக் கூட்டிப்போய், மதிலுக்கு வெளியே நின்று கதை சொல்லித் திரும்பியவன் நான். தவறு முழுக்க என்னுடையது. ஆண்கள் தலையை மூடிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்பதால் ஒரு தொப்பி கொண்டுபோவது நல்லது. 1938இல் எரிக்கப்பட்டு 1961இல் மீண்டும் கட்டிய தொழுகைக்கூடம் ஊரின் மறுபுறத்தில் இருக்கிறது. கோடையில் நிபெலுங்கன் நாடக விழாவுக்காகப் பேராலயத்தின் வெளிப்புறத்தில் மேடையும் இருக்கைகளும் எழும். அந்த வாரங்களில் வடபுறத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது.

## மைன்ஸ்: அடுக்கடுக்காக இருக்கும் ஊர்

மைன்ஸை முதலில் பார்க்கும்போது பேராலயம் முழுசாகக் கண்ணில் படாது. சந்தைச் சதுக்கத்து வீடுகள் அதன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, வீடுகளின் கூரைகளுக்கு மேலே ஆறு கோபுரங்கள் எழுகின்றன. பேராயர் வில்லிகிஸ் கட்டிய முதல் ஆலயம் 1009இல், அர்ப்பணிப்பை ஒட்டி, தீயில் அழிந்தது. 1036இல்தான் அது மீண்டும் எழுந்து அர்ப்பணிக்கப்பட்டது. பின்வந்த ஒவ்வொரு நூற்றாண்டும் அதில் ஏதாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறது. உள்ளே தூண்தோறும் பேராயர்களின் கல்லறைச் சிற்பங்கள். அவற்றில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்றில், பேராயர் பெரிய உருவமாக நின்று, தம் இருபுறமும் சிறுவர்களைப் போல் நிற்கும் இரண்டு மன்னர்களின் தலையில் கிரீடம் வைக்கிறார். மன்னரைத் தேர்ந்தெடுக்கும் இளவரசர்களில் மைன்ஸ் பேராயர் முதன்மையானவர். அவர் தம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஷ்பையரின் ஒருமை இங்கே இல்லை. ஆனால் இரண்டாவது அளவுகோலில் மைன்ஸ் மற்ற இரண்டையும் முந்துகிற ஓர் இடம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் மூன்று நகரங்களும் தங்கள் குடிமக்களுக்குக் கிடைத்த உரிமைகளைப் பேராலய வாசலிலேயே பொறித்தன. ஷ்பையரில் 1111இல் பொன்னெழுத்தில் பொறித்தது அழிந்துபோயிற்று. வோர்ம்ஸில் 1184இன் உரிமைச் சாசனத்தை நினைவூட்டி வடவாசலில் இருப்பது நம் காலத்தில் வைத்தது. மைன்ஸில் மட்டும் அசல் இருக்கிறது: வில்லிகிஸ் காலத்தில் 1000 வாக்கில் வார்த்த வெண்கலக் கதவுகள் மீது, 1135இல் பேராயர் அடல்பெர்ட் வழங்கிய உரிமைகளின் இலத்தீன் எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வருபவர்கள் அந்தக் கதவைத் தள்ளித்தான் உள்ளே போகிறார்கள்.

1945 பிப்ரவரி 27ஆம் நாள் குண்டுவீச்சில் நகரின் பெரும்பகுதி அழிந்தது. எனவே பழைய தெருக்கள் பேராலயத்தின் தெற்கே ஒரு சிறு பகுதியில் மட்டுமே. ஆனால் மீதி நாளுக்கு இங்கே பஞ்சமில்லை. ரோமானியப் படைமுகாமாகத் தொடங்கிய ஊர் என்பதால், ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே மிகப் பெரியது எனக் கருதப்படும் ரோமானிய நாடக அரங்கின் இடிபாடு ரயில் தண்டவாளத்தை ஒட்டியே கிடக்கிறது. குன்றின் மேல் உள்ள புனித ஸ்டீஃபன் ஆலயத்தில் மார்க் ஷகால் 1978 முதல் 1985 வரை, 90 வயதைக் கடந்த பிறகு, ஒன்பது கண்ணாடிச் சாளரங்களைச் செய்துகொடுத்தார். ரஷ்யப் பேரரசில் பிறந்த ஒரு யூத ஓவியர் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் ஆலயத்துக்குச் செய்தவை அவை. வெயில் நாளில் உள்ளே நுழைந்தால் தரை, தூண், நம் கை எல்லாமே நீலமாகிவிடும். மேகமூட்டமான நாளில் அந்த ஏற்றத்தை ஏறுவதற்கு நான் யாரையும் வற்புறுத்தமாட்டேன்.

அச்சுக்கலையின் தந்தை குட்டன்பர்க் பிறந்த ஊர் இது. அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் அவர் அச்சிட்ட விவிலியத்தின் அசல் பிரதிகள் இருக்கின்றன. பழைய கட்டடத்தை மாற்றிப் புதிதாகக் கட்டுவதால் காட்சி தற்காலிக இடத்துக்கு மாறியிருக்கிறது. பழைய முகவரியை நம்பிப் போகாமல் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு மூன்றிலும் இங்கே குறைவு. ஃபிராங்க்ஃபர்ட் மையத்திலிருந்து நகர்ப்புற ரயிலில் சுமார் 40 நிமிடம், விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம், மாற வேண்டியதில்லை. மைய நிலையத்துக்குப் பதில் ‘ரோமானிய அரங்கு’ நிலையத்தில் இறங்கினால் நடையும் குறையும். செவ்வாய், வெள்ளி, சனிக்கிழமைகளில் பேராலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும். ஊர் கலகலப்பாக இருக்கும். கட்டடத்தைத் தள்ளி நின்று பார்க்க இடமிருக்காது. சைவ உணவுக்காரர்கள் பிரெட்சலோடு ‘ஷ்புண்டெகேஸ்’ என்ற பாலாடைக் குழைவைக் கேட்டு வாங்கலாம்.

## ஒரே பார்வையில்

| | ஷ்பையர் | வோர்ம்ஸ் | மைன்ஸ் |
|---|---|---|---|
| கட்டடத்தின் தாக்கம் | மிக வலுவானது, நிலவறை தனிச்சிறப்பு | அடக்கமான, இருண்ட அழகு | கலவையானது, சிற்பங்கள் சிறப்பு |
| நிகழ்ச்சிகளின் தடயம் | மன்னர் கல்லறைகள் | இடுகாடு தவிரக் குறைவு | வெண்கலக் கதவு, ரோமானிய எச்சங்கள் |
| மீதி நாள் | பழைய தெரு, மிக்வே, அருங்காட்சியகங்கள் | யூதக் குடியிருப்பு, லூதர் சின்னம் | ஷகால் சாளரங்கள், சந்தை, அச்சுக்கலை |
| ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து | ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி | ஒரு மணிக்குச் சற்று மேல் | 40 நிமிடம் |
| தவிர்க்க வேண்டிய நாள் | ஞாயிறு காலை (வழிபாடு) | சனிக்கிழமை | ஞாயிறு காலை (வழிபாடு) |

## யாருக்கு எது?

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் இந்தப் பக்கம் வரப்போகிறீர்கள் என்றால், முழு நாளும் கையில் இருந்தால், ஷ்பையருக்குப் போங்கள். முன்னறிவு எதையும் கேட்காமல் தன்னைக் காட்டும் கட்டடம் அது ஒன்றுதான். காலையில் நிலவறை, பிறகு தெரு, மாலை வெயில் மேற்கு முகப்பில் விழும்போது மீண்டும் பேராலயம் என்று வைத்துக்கொண்டால் பயண நேரம் வீணாகத் தோன்றாது.

அரை நாள்தான் இருக்கிறது, மழை பெய்கிறது, அல்லது வயதானவர்கள் உடன் வருகிறார்கள் என்றால் மைன்ஸ். களைத்துவிட்டால் உட்காரவும் திரும்பவும் அங்கே எளிது. மாலை விமானத்துக்கு முன் நான்கு மணி நேரம் கிடைத்தவர்களுக்கும் வேறு வழியில்லை. மற்ற இரண்டையும் நினைத்துப் பார்க்கக் கூடாது.

வோர்ம்ஸை முதல் தேர்வாக நான் பொதுவாகச் சொல்வதில்லை. சீர்திருத்த இயக்கம், ஐரோப்பிய யூத வரலாறு, நிபெலுங்கன் காவியம் ஆகிய மூன்றில் ஒன்றையாவது ஏற்கெனவே படித்து, அதில் மனம் தோய்ந்தவர்களுக்கு மட்டும் தயங்காமல் சொல்வேன். அப்படிப்பட்டவருக்கு மற்ற இரண்டு ஊர்களும் அதற்குப் பிறகுதான்.

ஒரே நாளில் இரண்டு பார்க்க முடியாதா என்று அடுத்து கேட்பார்கள். ரயில் அட்டவணைப்படி முடியும். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட் வட்டாரச் சீட்டு எதுவரை செல்லும் என்று முன்பே பார்த்து, கூடுதல் செலவு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பார்ப்பதாக இருந்தால் ஷ்பையரையும் வோர்ம்ஸையும் சேர்க்காமல், காலையில் வோர்ம்ஸ் இடுகாட்டையும் பேராலயத்தையும் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் மைன்ஸில் இறங்குங்கள். கோடையில் வெளிச்சம் நீண்டிருக்கும். வெண்கலக் கதவின் எழுத்துகளைப் படிக்க அது போதும்.